பல கை பட்ட லாச்சிக்கு யார் பொறுப்பு?

நடுவர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி அமர்ந்த எதிரணி நண்பர்களே, வேலை முடிந்த கையோடு வந்து பின்வரிசையில் இருக்கும் கடைப்பிள்ளைகளே, எல்லாருக்கும் வணக்கம்.

ஒரே காசு லாச்சியில், அதாவது காசு போடும் மேசை இழுப்பறையில், பலர் மாறி மாறி நிற்கும் கடையில், இரவுக் கணக்கில் காசு குறைந்தால் கட்ட வேண்டியது அங்கே நின்ற காசாளர்களா, அப்படி நிற்க விட்ட கடையா? இதுதான் இன்றைய கேள்வி. கடைதான் என்று சொல்ல வந்திருக்கிறேன். காசைத் தொட்டவர்கள்தானே பொறுப்பு என்றார் எதிரணித் தலைவர். பங்கு போட்டுக் கட்ட வைத்தால் எல்லாரும் கவனமாக இருப்பார்கள் என்றார் அடுத்தவர். ஆளுக்கொரு லாச்சி வைக்க யாழ்ப்பாணத்துக் கடைகளுக்குக் கட்டுபடியாகாது என்றார் மூன்றாமவர். நான் கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறவள். இந்த மூன்றையும் முதலாளிமார் வாயாலும் கேட்டிருக்கிறேன், கட்டின பிள்ளைகளின் முகத்திலும் பார்த்திருக்கிறேன்.

தொட்டவர்கள் என்கிறீர்களே, யார் யார் தொடுகிறார்கள் என்று பார்ப்போம். கடைத்தெருவில் நடுத்தரமான ஒரு பலசரக்குக் கடை என்று வையுங்கள். காலையில் ஒரு பிள்ளை லாச்சியைத் திறக்கிறாள். சில்லறைக்காக உள்ளே ஐயாயிரம் இருக்கிறது என்கிறார்கள். எண்ணிப் பார்க்க நேரமில்லை, வாசலில் பாண் வாங்க ஆள் நிற்கிறது. பத்து மணிக்கு பிஸ்கட் வான் வருகிறது. முதலாளியின் மகன் வந்து லாச்சியை இழுத்து, நாலு ஆயிரம் ரூபாய்த் தாளை உருவி வான்காரரிடம் கொடுத்துவிட்டுப் போகிறார். துண்டு எழுதி வைக்கவில்லை. பன்னிரண்டரைக்குப் பிள்ளை சாப்பிடப் போக, இறாக்கையில் சாமான் அடுக்குகிற பெடியன் வந்து அதே கதிரையில் இருந்து, அவளுடைய பாஸ்வேர்டிலேயே பில் போடுகிறான். மூன்று மணிக்குப் பக்கத்துக் கடைக்காரர் ஐயாயிரம் தாள் ஒன்றை மாற்ற வருகிறார். மாற்றிக் கொடுத்தது யார், எண்ணிக் கொடுத்தாரா என்று யாருக்கும் ஞாபகமில்லை. இரவு எட்டரைக்கு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு எண்ணுகிறார்கள். 4,000 ரூபாய் குறைகிறது. கொடிகாமத்துக்குக் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய அந்தப் பிள்ளை, யாரும் கேட்காமலே கைப்பையைத் திறந்து மேசையில் கவிழ்த்துக் காட்டுகிறாள்.

அவள் ஏன் அதைச் செய்ய வேண்டும், நடுவர் அவர்களே? முதலாளியின் மகன் தன் சட்டைப்பையைக் காட்டினாரா? அவரும் அன்றைக்கு லாச்சியைத் தொட்டவர்தானே? தொட்டவர் கட்ட வேண்டும் என்றால் அந்தப் பட்டியல் அவரில் இருந்து தொடங்கட்டும். அப்படி ஒரு கடையிலும் நடப்பதில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதைத்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காசு குறைந்தால் அந்தத் தொகையே பாதிக் கதையைச் சொல்லிவிடும். சரியாக 4,000 குறைந்தால் கணக்குப் பார்க்கிறவர் முதலில் கேட்பது, யாராவது ஆயிரம் ரூபாய்த் தாளை வாங்கிவிட்டு ஐயாயிரத்துக்கு மிச்சம் கொடுத்தீர்களா என்பதுதான். 600 ரூபாய் பில்லுக்கு 400 கொடுக்க வேண்டிய இடத்தில் 4,400 கொடுத்தால் குறைவு 4,000. குறைந்த தொகை அன்றைய பில் ஒன்றின் தொகையோடு அப்படியே பொருந்தினால், வங்கிக் காட் மூலம் கட்டின பில்லைக் காசு என்று பதிந்திருப்பார்கள்; காட் மெஷினின் துண்டுகளைப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் பிடிபடும். வித்தியாசம் 9ஆல் மீதியின்றி வகுபட்டால், எழுதும்போது இரண்டு இலக்கம் இடம் மாறியிருக்க வாய்ப்புண்டு. 13,650ஐ 13,560 என்று எழுதினால் 90 குறையும், அதை 9ஆல் வகுத்தால் 10. காசு எங்கேயும் போயிருக்காது, பேனாதான் தவறியிருக்கும். கணக்கெழுதுகிற எங்களுக்கு இது அன்றாடப் பாடம்.

ஆனால் இந்தப் பாடம் உதவுவதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. லாச்சி ஒரு நேரத்தில் ஒருவர் கையில் மட்டும் இருக்க வேண்டும். அப்போது, தங்கச்சி, இன்றைக்கு ஐயாயிரம் தாள் எத்தனை வந்தது என்று கேட்டால் அவளால் நினைத்துச் சொல்ல முடியும். நாலு பேர் மாறி நின்ற லாச்சியில் அந்தக் கேள்வியை யாரிடம் கேட்பது? நான் சொன்ன கடையிலே அந்த 4,000, மிச்சம் மாறிக் கொடுத்ததாகவும் இருக்கலாம், பிஸ்கட் வானுக்குப் போன நாலு தாளாகவும் இருக்கலாம். துண்டு இல்லை, கைமாறும்போது எண்ணவில்லை. பதிலைத் தேடும் வழியையே அடைத்துவிட்டு, பதில் தெரியாததற்குத் தண்டம் வாங்குகிறார்கள்.

எல்லாம் கொம்பியூட்டரில் பதிகிறதே, அப்புறம் என்ன சந்தேகம் என்றார் எதிரணியில் ஒருவர். காசு இயந்திரத்தை 1879இல் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்து டேட்டன் நகரில் ஜேம்ஸ் ரிட்டி என்ற மதுச்சாலைக்காரர் உருவாக்கினார். வேலையாட்கள் காசைப் பையில் போடுகிறார்கள் என்ற கவலையில் பிறந்த கருவி அது. இன்றுவரை அது விற்றதைப் பதியும், விலையைப் பதியும். லாச்சிக்குள் போனது யாருடைய கை என்று பதியாது. கைக்கு அடையாளம் அந்த பாஸ்வேர்ட் ஒன்றுதான். அதையும் எல்லாரும் பாவிக்க விட்டால், அறிக்கையில் வருவது சாப்பிடப் போனவளின் பெயர். கமெரா இருக்கிறதே என்பீர்கள். முக்கால்வாசிக் கடைகளில் அது வாசலையும் இறாக்கையையும் பார்த்துக்கொண்டிருக்கிறது. லாச்சியைப் பார்த்தாலும், கையில் இருந்தது ஆயிரமா ஐயாயிரமா என்று அந்தத் தூரத்தில் தெரிவது அபூர்வம்.

சரி, பங்கு போடுவதற்கு வருகிறேன். இதுதான் என்னை அதிகம் கோபப்படுத்துவது. கவனம் வரும் என்கிறீர்கள். நாலு பேர் நிற்கும் லாச்சியில் ஒருவர் உண்மையாகவே 4,000 எடுத்துவிட்டார் என்று வையுங்கள். பங்கு போட்டால் ஆளுக்கு 1,000. எடுத்தவரும் தன் ஆயிரத்தைக் கட்டுகிறார், மற்றவர்களோடு சேர்ந்து பெருமூச்சும் விடுகிறார். அவர் கையில் 3,000 மிச்சம். எடுக்காத மூன்று பேரும் அவருக்குச் சம்பளம் கொடுத்திருக்கிறார்கள். இந்த ஏற்பாடு கள்ளனைப் பிடிக்காது, அவனுக்குக் கூட்டாளி சேர்த்துக் கொடுக்கும். அடுத்த மாதம் கடையை விட்டு நிற்பது யார்? நேர்மையான பிள்ளைதான். அவள் இடத்துக்குப் புதிதாக ஒருவர் வருவார், தாள் எண்ணப் பழகுவார், பிழை கூடும். அதற்கும் பங்கு போடுவார்கள்.

இந்த நாட்டில் 2025 ஏப்ரலில் தேசியக் குறைந்தபட்சச் சம்பளத்தை உயர்த்தியபோது மாதத்துக்கு 27,000, நாளுக்கு 1,080 என்று வைத்தார்கள். அந்த அளவில் சம்பளம் வாங்கும் ஒரு பிள்ளைக்கு 1,000 ரூபாய் வெட்டு என்றால் ஏறக்குறைய ஒரு நாள் உழைப்பு போய்விட்டது. நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் கடைத்தெருவில் எவ்வளவு சனம் என்று உங்களுக்குத் தெரியும். அந்த நாட்களில்தான் லாச்சியும் அதிகம் கைமாறும், குறைவும் அதிகம் வரும். கடைக்கு வருடத்தின் நல்ல வியாபாரம் அந்த மாதம். அந்த மாதத்துச் சம்பளத்தில்தான் பிள்ளைக்கு வெட்டு.

எதிரணியினர் ஒருவரும் வாய் திறக்காத விஷயம் ஒன்று இருக்கிறது. காசு கூடினால்? கூடுகிற நாளும் உண்டு. யாரோ மிச்சக்காசை வாங்க மறந்து போயிருப்பார், அல்லது சில்லறை இல்லையென்று ரொபி கொடுத்து அனுப்பியிருப்பார்கள். அந்தக் கூடுதல் எங்கே போகிறது? கடைக்கு. நேற்று 300 கூடியது, இன்று 300 குறைந்தது என்றால் பல கடைகளில் நேற்றையது முதலாளிக்கு, இன்றையது காசாளருக்கு. பொறுப்பு காசாளருடையது என்று நீங்கள் மனதார நம்பினால் கூடினதையும் அவர் கையில் கொடுங்கள் பார்ப்போம். மாட்டீர்கள், கொடுக்கவும் கூடாது, அது வாடிக்கையாளரின் காசு. அப்படியானால் அந்த லாச்சி கடையின் லாச்சி, இரண்டு பக்கமும் கடைக்கே. இந்த ஒருபக்க நியாயம் இன்னொன்றையும் கெடுக்கிறது. குறைந்தால் வெட்டுவார்கள் என்ற பயத்தில், கூடுகிற காசைக் காசாளர்கள் ஒரு சின்ன ரின்னில் போட்டு மேசைக்கு அடியில் வைக்கிறார்கள், குறைகிற நாளில் எடுத்துப் போடலாம் என்று. நல்ல பிள்ளைகள்தான் செய்கிறார்கள். அன்றிலிருந்து அந்தக் கடையின் கணக்குப் புத்தகம் பொய் சொல்லத் தொடங்குகிறது. இரவில் எல்லாம் சரி என்று வரும், எதுவும் சரியாக இருக்காது.

கட்டுபடியாகாது என்ற கடைசி வாதத்துக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. இரண்டாவது மெஷின் வாங்கச் சொல்லவில்லை. லாச்சிக்குள் வைக்கும் காசுத் தட்டு இன்னும் ஒன்று வாங்குங்கள். சாப்பாட்டு நேரத்துக்கு வருகிறவர் தன் தட்டோடு, தன் பாஸ்வேர்டோடு வரட்டும், போகும்போது தட்டோடு எழும்பட்டும். அதற்கும் வழியில்லாத கடை என்றால், கைமாறும்போது இருவரும் நின்று எண்ணி ஒரு கொப்பியில் கையெழுத்து வைக்கட்டும். வங்கியில் காசாளர் தன் லாச்சியைப் பூட்டித் திறப்பைக் கையோடு எடுத்துக்கொண்டு எழும்புவதை வரிசையில் நின்ற எல்லாரும் பார்த்திருப்பீர்கள். சாப்பாட்டு நேரம் திடீரென்று வந்து விழுவதும் இல்லை. கடை, அலுவலக ஊழியர்களுக்கான 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் நாளுக்கு 8 மணி நேரம், கிழமைக்கு 45 மணி நேரம் என்று வேலையை வரையறுத்து, சாப்பாட்டு இடைவேளையும் கொடுக்கச் சொல்கிறது. ஒருவர் எழும்புவார், இன்னொருவர் இருப்பார் என்று தெரிந்தேதான் கடையைத் திறக்கிறோம். அதற்கு ஒழுங்கு செய்ய வேண்டியவர் கடையை நடத்துகிறவர்.

தன் தட்டை, தன் பெயரில், தானே எண்ணிக் கையெழுத்து வைத்து எடுத்தவரிடம் கணக்குக் கேளுங்கள். அதற்கு நான் குறுக்கே நிற்க மாட்டேன், பின்வரிசையில் இருக்கும் பிள்ளைகளும் நிற்க மாட்டார்கள். அந்த ஒழுங்கைச் செய்து கொடுக்காத கடைக்குக் குறைந்த காசைக் கேட்கும் உரிமை இல்லை.

நடுவர் அவர்களே, எதிரணியின் கடைசிப் பேச்சாளர் இனி எழும்புவார். அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டுச் சொல்லுங்கள். அன்றைக்கு அந்த லாச்சியில் குறைந்த 4,000, பிஸ்கட் வானுக்குப் போனதா, மிச்சத்தில் போனதா? அவரால் சொல்ல முடிந்தால் அந்தப் பிள்ளையின் சம்பளத்தில் வெட்டட்டும். வணக்கம்.