விடுவதும் தடுப்பதும்

நேயர்களுக்கு வணக்கம்.

பெங்களூரில் வாடகை வீடு தேடியவர்கள் எல்லாரும் 'டூலெட்' பலகையைப் பார்த்துப் பார்த்துத் தெருத்தெருவாக அலைந்திருப்போம். அந்த 'லெட்' என்ற வினைச்சொல்லைப் பற்றியே இன்று பேசவிருக்கிறேன்.

பழைய ஆங்கிலத்தில் அது 'லேட்டன்' என்று வழங்கியது. ஜெர்மன் மொழியின் 'லாசன்' அதன் உடன்பிறப்பு. விட்டுச் செல்லுதல், கைவிடுதல் என்னும் பொருள்களோடு அனுமதித்தல் என்ற பொருளும் அதில் சேர்ந்தே வாழ்ந்தது. நம் 'விடு' நடந்த வழியும் இதுதான்: பிடித்த கையை விடுகிறோம், குழந்தையை விளையாட விடுகிறோம், மாடியறையை வாடகைக்கு விடுகிறோம். நெரிசலான பேருந்தில் இங்கே நாம் கேட்கும் 'இளியோக்கெ பிடி' (இறங்க விடுங்கள்) என்ற கன்னடத் தொடரில் உள்ள 'பிடு'வும் 'விடு'வின் இனச்சொல்லே. மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு மாத வாடகையின்றிக் குடியிருப்பதை இவ்வூரில் 'லீஸ்' என்கிறோமே, அது வேறு குடும்பத்துச் சொல். நெகிழ்த்துதலைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. ஆயினும் பிடியைத் தளர்த்துவது என்ற கருத்து இரண்டுக்கும் பொது.

வியப்பு இனிமேல்தான். 'லெட்டன்' என்று மற்றொரு பழைய வினை இருந்தது. அதற்குத் தடுத்தல் என்று பொருள். மெதுவான என்பதைக் குறித்த சொல்லிலிருந்து, தாமதப்படுத்துதல் என்று அது பிறந்தது; பேருந்து 'லேட்' என்கிறோமே, அதுவும் அதே வேரினது. ஷேக்ஸ்பியரின் நாடகத்தில் தந்தையின் ஆவியைப் பின்தொடர முயலும் ஹாம்லெட், தன்னை 'லெட்' செய்பவனையும் ஆவியாக்கிவிடுவேன் என்று சீறுவது இப்பொருளில்தான். 1611இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்திலும் இப்பொருளைக் காணலாம். தொலைவில் இவ்விரண்டும் தளர்ச்சியைக் குறிக்கும் ஒரே வேரில் சேர்கின்றன என்பது மொழியியலார் கருத்து. கயிறு தளர்ந்தால் மாடு போய்விடும், மாட்டின் கால் தளர்ந்தால் அது நின்றுவிடும்.

காலப்போக்கில் ஒலி ஒன்றாகிவிடவே, எதிரெதிர்ப் பொருளை ஒரே சொல்லால் சுமக்க இயலாமல் தடுத்தல் பின்வாங்கியது. டென்னிசில் 'சர்வ்' செய்த பந்து வலையில் உரசிச் சரியான கட்டத்தில் விழுந்தால் 'லெட்' என்று அறிவித்து மீண்டும் ஆடச் சொல்வதில் அது எஞ்சியிருக்கிறது. இந்தியக் கடவுச்சீட்டிலும் இருக்கிறது: இதை வைத்திருப்பவரை 'லெட்' இன்றியும் இடையூறின்றியும் செல்ல அனுமதிக்குமாறு குடியரசுத் தலைவரின் பெயரால் கேட்கும் அந்த வாக்கியத்தில், அனுமதிக்கும் வேலையை 'அலோ' ஏற்றுக்கொள்ள, 'லெட்' தடையாகவே நிற்கிறது.