உறைநிலத்தின் மேல் சில மீட்டர்கள்

நேயர்களுக்கு வணக்கம். சைபீரியாவின் யாகூட்ஸ்க் நகரில், 1828ஆம் ஆண்டில், ஷெர்கின் என்ற வணிக நிறுவன அதிகாரி ஒருவர் குடிநீருக்காகக் கிணறு தோண்டத் தொடங்கினார். ஆண்டுக்கணக்கில் தோண்டி 116 மீட்டர் ஆழத்தை எட்டிய பின்னும் நீர் சுரக்கவில்லை. அடிமண் உறைந்து இறுகியே கிடந்தது. பிற்பாடு அறிவியலாளர் மிடென்டார்ஃப் அதே குழியில் வெப்பமானிகளைப் பொருத்தி, கீழே போகப் போகக் குளிர் சற்றே தணிவதை அளந்து பதிவு செய்தார்.

தொடர்ந்து இரண்டு ஆண்டுகளேனும் 0 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெப்பம் ஏறாத நிலத்தையே நிரந்தர உறைநிலம், அதாவது பெர்மாஃப்ராஸ்ட், என்கிறோம். ரஷ்யா, கனடா, அலாஸ்கா ஆகியவற்றின் வடபகுதிகளில் பரந்து கிடக்கும் இந்நிலம், சைபீரியாவின் சில இடங்களில் 1 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் வரை உறைந்திருக்கிறது. அவ்வளவும் உருகி முடிய ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகுமே, இப்போதே ஏன் கவலைப்பட வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. கணக்கு சரிதான்; ஆனால் அதில் ஆறுதல் கொள்ள ஒன்றுமில்லை. வீடும் சாலையும் காடும் நிற்பதும், மண்ணிலுள்ள கரிமத்தின் பெரும்பகுதி புதைந்திருப்பதும் மேலேயுள்ள சில மீட்டர்களில்தான். வெப்பம் முதலில் சென்று சேர்வதும் அங்கேதான். 1979 முதல் ஆர்க்டிக் வட்டாரம் உலகச் சராசரியைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு வேகமாக வெப்பமடைந்துள்ளது.

இதில் குளிரை விடவும் முக்கியமானது மண்ணுக்குள் இருக்கும் பனிக்கட்டி. கடுங்குளிரில் நிலம் சுருங்கி வெடிக்கிறது. வசந்தத்தில் பனி உருகிய நீர் அந்த வெடிப்பில் இறங்கி உறைகிறது. மறு ஆண்டு அதே இடம் மீண்டும் வெடிக்கிறது. இப்படி ஆயிரக்கணக்கான ஆண்டுகள் நடந்ததால், பல மீட்டர் அகலமுள்ள பனி ஆப்புகள் மண்ணுக்குள் வளர்ந்துள்ளன. சைபீரியாவின் சில பகுதிகளில் நிலத்தின் கன அளவில் பாதிக்கும் மேற்பட்டது பனிக்கட்டியே. அது உருகினால் நிலம் அமிழ்கிறது, பள்ளத்தில் நீர் தேங்குகிறது, தேங்கிய நீர் கோடை வெயிலின் வெப்பத்தை வாங்கி அடியிலுள்ள பனியை மேலும் கரைக்கிறது.

சைபீரியாவின் யாகூட்டியா வட்டாரத்திலுள்ள பதகாய் ஊருக்கு அருகில் இதைக் கண்கூடாகக் காணலாம். 1960களில் அங்கே காட்டை அழித்தபோது, நிலத்தைக் காத்துவந்த நிழலும் பாசியும் போயின. சிறு ஓடையாகத் தொடங்கிய அரிப்பு, இன்று ஏறத்தாழ 1 கிலோமீட்டர் அகன்ற சரிவுப் பள்ளமாகிவிட்டது. அதன் உச்சியிலுள்ள பனிச்சுவர் கோடையெல்லாம் சொட்டிக்கொண்டே இருக்கிறது. சேறு கீழே வழிகிறது. விளிம்பு ஆண்டுதோறும் பின்னே நகர்கிறது.

வடக்கின் உறைநிலத்தில் 1,400 முதல் 1,600 பில்லியன் டன் கரிமம் இருப்பதாக மதிப்பிடப்படுகிறது. இது வளிமண்டலத்தில் உள்ளதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. உருகிய மண்ணில் நுண்ணுயிர்கள், மட்காமல் கிடந்த வேரையும் இலையையும் சிதைக்கின்றன. காற்றுப் படும் இடத்தில் கரியமில வாயுவும், நீர் தேங்கிய இடத்தில் மீத்தேனும் வெளியாகின்றன. இதை ஒரே நாளில் வெடிக்கப்போகும் குண்டு என்று வருணிப்பதை நான் ஏற்கவில்லை. இது பல பத்தாண்டுகள், நூற்றாண்டுகள் நீளும் கசிவு. ஆனால் தொழிற்சாலையின் புகையைக் குறைப்பதுபோல் இதை நேரடியாக நிறுத்தும் வழி எதுவும் நம்மிடம் இல்லை என்பதே என்னை வருத்துகிறது.

பொறியாளர்கள் உறைநிலத்தை மதித்தே கட்டினார்கள். யாகூட்ஸ்கின் அடுக்குமாடிகள் தூண்கள்மேல் நிற்கின்றன. வீட்டின் வெப்பம் மண்ணில் இறங்காதபடி அடியில் குளிர்காற்று ஓட இடம் விட்டிருக்கிறார்கள். 1977இல் செயல்படத் தொடங்கிய அலாஸ்கா எண்ணெய்க் குழாய், தன் 1,300 கிலோமீட்டர் நீளத்தில் பாதிக்கும் மேல் தரைக்கு மேலே செல்கிறது. அதைத் தாங்கும் கால்கள் பலவற்றில் அம்மோனியா அடைத்த குழல்கள் உள்ளன. குளிர்காலத்தில் அம்மோனியா மண்ணின் வெப்பத்தை ஏற்று ஆவியாகி மேலே செல்கிறது; அங்கே வெப்பத்தைக் காற்றில் விட்டு, நீர்மமாகிக் கீழே வழிகிறது. மிக நேர்த்தியான ஏற்பாடு. எனினும் குளிர்காலம் போதிய அளவு குளிராக இருக்கும்வரைதான் அது பயன் தரும்.

இப்படிப்பட்ட பாதுகாப்பு எல்லா ஊருக்கும் கிட்டுவதில்லை. மேற்கு அலாஸ்காவின் நியூடாக் கிராமத்தில், உறைநிலம் இளகி ஆற்றங்கரை இடிந்துகொண்டே வந்ததால், அங்கு வாழ்ந்த யூபிக் பழங்குடி மக்கள் 2019 முதல் மெர்டார்விக் என்ற புதிய ஊருக்குக் குடிபெயர்ந்தார்கள்.

ஆழ்துளைகளில் வெப்பநிலையை அளந்து இம்மாற்றத்தை அறிவியலாளர்கள் கண்காணிக்கிறார்கள். 2007 முதல் 2016 வரை உலகின் உறைநிலம் சராசரியாக 0.29 டிகிரி வெப்பமடைந்ததாக அளவீடுகள் காட்டுகின்றன. எண் சிறியதாகத் தோன்றலாம். ஆனால் மண் 0 டிகிரியை நெருங்கியதும், உள்ளே வரும் வெப்பம் பனியை உருக்குவதிலேயே செலவாகிவிடுவதால், வெப்பமானி நகராமல் நிற்கிறது. அளவி அசையாத அந்தக் காலத்தில்தான் பனி ஆப்புகள் கரைகின்றன. பிறகு குளிர் திரும்பினால் மண் மீண்டும் உறையக்கூடும். அமிழ்ந்த நிலம் பழைய மட்டத்துக்கு உயராது, அந்த ஆப்புகள் மறுபடி வளர ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வேண்டும்.

நன்றி, வணக்கம்.