குருத்தை மூடாதீர்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

வீட்டுத் தோட்டத்தில் டெய்சி வளர்ப்பது எப்படி என்று பேச அழைத்திருக்கிறார்கள். வளர்த்த கதைக்கு முன்னால் கொன்ற கதையைச் சொல்லிவிடுகிறேன். எனக்குத் தெரிந்த கொஞ்சமும் அதிலிருந்து வந்ததுதான். நான் தோட்டக்கலை படித்தவள் இல்லை. முப்பது வருடம் தபால் முத்திரை குத்தியவள்.

பிறந்தது குன்னூரில். எங்கள் வீட்டுப் படிக்கட்டின் இரண்டு பக்கமும் வெள்ளை டெய்சி பூத்துக் கிடக்கும். உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளை, நடுவில் முட்டைக் கரு மாதிரி மஞ்சள். அம்மா அதைத் தனியாகக் கவனித்ததாக எனக்கு நினைவே இல்லை. கல்யாணமாகிக் கோயம்புத்தூருக்கு வந்த பிறகு, ஊருக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் வேரோடு ஒரு கொத்தை ஈரத்துணியில் சுற்றி எடுத்து வருவேன். ஒருமுறை மலை ரயிலில் மேட்டுப்பாளையம் வரைக்கும் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். நட்டேன், சுற்றிலும் மண்ணை நன்றாக அணைத்தேன், காலையும் மாலையும் தண்ணீர் விட்டேன். ஒரு மாதம் இலை பளபளவென்று நிற்கும். பிறகு ஒருநாள் காலையில் நடு இலை கறுத்திருக்கும். தொட்டால் அழுகிய வெங்காயம் மாதிரி வழுக்கிக்கொண்டு கையோடு வந்துவிடும். இப்படி மூன்று முறை.

மூன்றாவது முறை அம்மா வந்திருந்தார். தொட்டியைப் பார்த்தார். "குழந்தைக்குப் போர்வை போர்த்துகிற மாதிரி கழுத்து வரைக்கும் மண்ணைப் போட்டு மூடியிருக்கிறாயே, அதற்கு மூச்சு முட்டாதா?" என்றார்.

அம்மா சொன்னதைச் சற்று விளக்குகிறேன். ரோஜாவுக்கும் செம்பருத்திக்கும் தண்டு உண்டு. டெய்சிகளில் பலவற்றுக்கு அப்படி ஒரு தண்டு கண்ணில் படாது. முள்ளங்கிச் செடி போல, இலைகள் எல்லாம் தரையை ஒட்டிய ஒரே இடத்திலிருந்து வட்டமாகக் கிளம்பும். அந்த நடு இடம்தான் குருத்து. அடுத்த இலை, அடுத்த மொட்டு எல்லாம் அங்கிருந்துதான் வரவேண்டும். அதன் மேல் மண் ஏறினாலும், ஈரம் தங்கினாலும் பூஞ்சை பிடிக்கும். வேர் நன்றாக இருக்கும்போதே செடி செத்துப்போகும். நமக்கோ எந்தச் செடியை நட்டாலும் மண்ணை அணைத்து அழுத்திவிடும் பழக்கம். டெய்சிக்கு அதுவே எமன். நடும்போது குருத்து மண் மட்டத்துக்கு ஒரு விரல் உயரமாகத் தெரிய வேண்டும். தண்ணீரைத் தொட்டியின் ஓரமாக விட வேண்டும், தலையில் கொட்டக் கூடாது. என் வீட்டில் தாகத்தால் செத்த டெய்சி ஒன்றுகூட இல்லை. எல்லாமே நான் விட்ட தண்ணீரால் செத்தவைதான்.

ஆனால் அம்மா சொன்னது பாதி உண்மைதான். மீதியைப் புரிந்துகொள்ள எனக்கு இன்னும் சில வருடம் ஆயிற்று. குன்னூர் ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கோயம்புத்தூர் சுமார் 410 மீட்டரில். நான் கொண்டு வந்தது சாஸ்தா டெய்சி. பெயரைக் கேட்டதும் ஐயப்பன் நினைவுக்கு வரும், எனக்கும் வந்தது. இது வேறு சாஸ்தா. கலிபோர்னியாவில் லூதர் பர்பாங்க் என்று ஒருவர் 1884-இல் தொடங்கி ஐரோப்பியக் காட்டு டெய்சிகளை ஒன்றோடொன்று கலந்து பார்த்தார். பூ அவர் நினைத்த வெண்மைக்கு வரவில்லை. கடைசியில் ஜப்பானிய டெய்சி ஒன்றையும் சேர்த்து, 1901-இல் இந்தச் செடியை வெளியிட்டார். சாஸ்தா என்பது அங்கே இருக்கும் ஒரு பனிமலை. குளிர் பிரதேசச் செடிகளுக்குப் பிறந்து, பனிமலையின் பெயரையும் வைத்துக்கொண்டிருக்கும் ஒன்றைக் கொண்டுவந்து சித்திரை வெயிலில் நிறுத்தினால் அது வேறு என்ன செய்யும்?

எனவே உதகை, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல், ஏற்காடு நேயர்கள் கவலையில்லாமல் சாஸ்தா டெய்சி வையுங்கள். ஆறு மணி நேரமாவது வெயில் படும் சரிவான இடமாகப் பாருங்கள். உரத்தை அள்ளிப் போட்டால் இலைதான் கொழுக்கும், பூ வராது. வாடிய பூவைக் காம்போடு அடியில் நறுக்கிவிட்டால் அடுத்த மொட்டு விரைவில் எழும். இரண்டு மூன்று வருடத்தில் கொத்தின் நடுப்பகுதி சொட்டை விழுந்த மாதிரி ஆகிவிடும். அப்போது மொத்தத்தையும் தோண்டி எடுத்து, நடுவை எறிந்துவிட்டு, ஓரத்து இளங்கன்றுகளைப் பிரித்து நட வேண்டும். அம்மா டெய்சிக்கு ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னேன் அல்லவா? அது தவறு. பக்கத்து வீட்டுக்கெல்லாம் கன்று கொடுத்துக்கொண்டே இருந்தார். அவர் செடியைப் பிரித்துக்கொண்டிருந்தார் என்பது எனக்கு இப்போதுதான் புரிகிறது.

சமவெளியில் இருப்பவர்கள் என்ன செய்வது? நமக்கும் டெய்சி உண்டு. ஜெர்பராவைச் சொல்கிறேன். கல்யாண மேடை அலங்காரத்தில் சிவப்பும் ஆரஞ்சுமாக, தட்டு மாதிரி, ஒற்றைக் காம்பில் நிற்குமே, அந்தப் பூ. ஊர் தென்னாப்பிரிக்கா. பார்பர்ட்டன் என்ற தங்கச் சுரங்க ஊர்ப் பக்கம் இருந்து வந்ததால் பார்பர்ட்டன் டெய்சி என்றும் பெயர். ஓசூர்ப் பக்கம் பசுமைக்குடில்களில் இதை வியாபாரத்துக்குப் பயிர் செய்கிறார்கள். வீட்டில் வளர்க்கப் பசுமைக்குடில் வேண்டியதில்லை. காலை வெயிலும் மதியத்துக்கு மேல் நிழலும் இருந்தால் போதும். என் மொட்டை மாடியில் பாதிக்கு நிழல்வலை கட்டியிருக்கிறேன், அதன் ஓரத்தில்தான் பதினொரு தொட்டிகளும் இருக்கின்றன.

கலவை பற்றி ஒவ்வொருவரும் ஒரு கணக்கு சொல்வார்கள். என் கணக்கு செம்மண், மணல், மண்புழு உரம், தேங்காய் நார்க் கழிவு நான்கும் சம பங்கு. நார்க் கழிவைக் கட்டியாக வாங்கினால் தண்ணீரில் ஊறவைத்து, பிழிந்து, இரண்டு மூன்று முறை கழுவிவிட்டுச் சேர்க்க வேண்டும். அதில் உப்பு இருக்கும். கழுவச் சோம்பல்பட்டு ஒரு வருடம் நான்கு தொட்டியில் இலை நுனி கருக வைத்தேன்.

தண்ணீரிலும் ஒரு விஷயம் இருக்கிறது. ஜெர்பராவுக்குச் சற்றே புளிப்பான மண் பிடிக்கும். எங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரோ வாளியில் வெள்ளைப் படிவம் விடுகிற தண்ணீர். அதையே விட்டுக்கொண்டிருந்தபோது புது இலைகள் வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக வலை பின்னியது மாதிரி தெரிந்தன. செடிக்குச் சத்துக் குறைவு என்று நினைத்து நான் உரம் போட்டேன், இன்னும் வெளுத்தது. மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை. சுண்ணாம்புத் தன்மை ஏறிய மண்ணிலிருந்து அதை எடுத்துக்கொள்ளச் செடியால் முடியவில்லை. சிறுவாணித் தண்ணீருக்கும் மழைநீருக்கும் மாறிய பிறகு வந்த இலைகள் பச்சையாக வந்தன. குடிக்கிற தண்ணீரைச் செடிக்கு ஊற்றுகிறாளே என்று வீட்டில் முணுமுணுத்தார்கள். அரிசி கழுவும் தண்ணீர் என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஜெர்பராப் பூவைக் கத்தரியால் வெட்டாதீர்கள். காம்பின் அடியைப் பிடித்து, லேசாகத் திருகி, பக்கவாட்டில் இழுத்தால் முழுக் காம்பும் கழன்று வரும். வெட்டினால் அடிக்கட்டை மிஞ்சும். அது அழுகி, அழுகல் குருத்துக்குள் இறங்கும். மறுபடி குருத்துக்குத்தான் வந்து நிற்கிறோம், பாருங்கள். பழுத்த இலைகளையும் இதே மாதிரி திருகி எடுங்கள்.

எப்போது பறிப்பது என்பதற்கும் செடியே அடையாளம் வைத்திருக்கிறது. இதற்கு முன்னால் ஒன்று சொல்ல வேண்டும். டெய்சி என்று நாம் பார்ப்பது ஒரு பூ இல்லை, ஒரு கூட்டம். சுற்றிலும் இதழ் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் ஒவ்வொன்றும் ஒரு தனிப் பூ. நடுப் பொட்டில் கடுகு கடுகாக இருப்பவையும் தனித்தனிப் பூக்கள். சூரியகாந்தி, செண்டுமல்லி, கரிசலாங்கண்ணி எல்லாம் இதே குடும்பம்தான். நடுப் பொட்டில் இருக்கும் சின்னப் பூக்கள் ஓரத்திலிருந்து உள்நோக்கி வட்டம் வட்டமாக மலரும். வெளிப்பக்கம் இரண்டு மூன்று வட்டம் மலர்ந்து மகரந்தம் தெரிந்தால், பறித்துச் சாடியில் வைக்க அதுவே பருவம். அதற்கு முன்னால் பறித்தால் மறுநாளே கழுத்து தொங்கிவிடும்.

டெய்சி என்ற பெயர் ஆங்கிலத்தில் 'பகலின் கண்' என்ற சொல்லிலிருந்து வந்தது. அங்கே புல்தரையில் முளைக்கும் சின்ன டெய்சி இரவில் மூடி, காலையில் விழிப்பதால் அந்தப் பெயர். ஆனால் எனக்கு ஒரு டெய்சி பாடம் சொன்னது இரவைப் பற்றித்தான்.

சாமந்தியும் டெய்சி குடும்பம்தான் என்று தெரிந்ததும், இதுவரை வெளிநாட்டுக்காரியைத் தேடி அலைந்தோமே என்று இருந்தது. மஞ்சள் சாமந்திப் பக்கக் கன்றுகள் வாங்கி, வாசல் மதிலை ஒட்டி ஆறு, கொல்லையில் ஆறு என்று நட்டேன். அதே மண், அதே உரம். ஐப்பசி பிறந்தது. கொல்லைச் செடிகள் மொட்டால் நிரம்பின. வாசல் செடிகள் இடுப்பு உயரம் வளர்ந்து, வெறும் இலையாக நின்றன. வாசலில் வெயில் அதிகம், அங்கேதான் நன்றாகப் பூத்திருக்க வேண்டும். எங்கள் தெருவில் நிலக்கோட்டைப் பக்கத்து ஊரிலிருந்து மகனோடு வந்து தங்கியிருக்கும் பெரியம்மா ஒருவர் உண்டு. பூ விவசாயம் பார்த்தவர். மதிலோரம் நின்று மேலே பார்த்தார், கீழே பார்த்தார். "தாயி, உன் செடிக்கு ராத்திரியே வருவதில்லை" என்றார். மேலே தெருவிளக்கு.

சாமந்தி பகல் குறைந்து, இரவு நீளும்போதுதான் பூ வைக்க நினைக்கும் செடி. நீண்ட, தொடர்ச்சியான இருட்டு அதற்கு வேண்டும். நடு இரவில் கொஞ்ச நேரம் வெளிச்சம் விழுந்தால்கூட, கோடைகாலம் இன்னும் முடியவில்லை என்று இலை விட்டுக்கொண்டே இருக்கும். ஓசூர்ப் பக்கம் சாமந்தி வயலில் இரவில் வரிசையாகப் பல்புகள் எரிவதைப் பஸ்ஸில் போகிறவர்கள் பார்த்திருப்பீர்கள். திருவிழாவுக்கு இல்லை அது. விவசாயி, செடி போதுமான உயரம் வளரும் வரைக்கும் பூக்கவிடாமல் பிடித்து வைக்கிறார். அவர் வேண்டுமென்றே செய்ததை நான் தெரியாமல் செய்திருக்கிறேன். மறுவருடம் வாசல் செடிகளைத் தொட்டிக்கு மாற்றி, கொல்லைப்புறம் கொண்டுபோனேன். அந்த ஐப்பசியில் பூத்தன.

இப்போது ஆனி மாதம். சாமந்தி வைத்திருப்பவர்கள் இந்த வாரமே நுனி கிள்ளிவிடுங்கள். சாண் உயரம் வந்த செடியில், மேலே இரண்டு விரற்கடை கொழுந்தைக் கிள்ளினால் பக்கக் கிளைகள் பிரியும். மூன்று நான்கு வாரம் கழித்து அந்தக் கிளைகளையும் ஒருமுறை கிள்ளலாம். ஆவணிக்குப் பிறகு கை வைக்காதீர்கள், மொட்டைக் கிள்ளிவிடுவீர்கள். பாசத்தோடு வளர்ப்பவர்களுக்கு இந்தக் கிள்ளல் கஷ்டமாக இருக்கும். கிள்ளாத செடி ஒற்றைக் குச்சியாக நின்று, நாலு பூ பூத்து, காற்றில் சாயும்.

பூச்சிகளைப் பற்றி நிறையச் சொல்ல இல்லை. சாமந்தி மொட்டில் கறுப்பு அசுவினி வரும், ஜெர்பரா இலையில் வெள்ளைக் கோலம் போட்ட மாதிரி சுரங்கப் பூச்சி வரும். கோலம் போட்ட இலையைப் பறித்து எறியுங்கள். அசுவினிக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் ஐந்து மில்லி வேப்பெண்ணெய், கரைவதற்குச் சில சொட்டு சோப்புக் கரைசல், மாலை நேரத்தில் இலையின் அடிப்பக்கம் படும்படி தெளித்தால் போதும். கொசுவை விரட்டும் பைரெத்ரம் என்ற பொருளே ஒரு வெள்ளை டெய்சியின் உலர்ந்த பூவிலிருந்து எடுப்பது என்று கேள்விப்பட்டபோது, இந்த அசுவினிக்கு அது தெரியாது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு டெய்சியை மட்டும் வாங்க வேண்டாம் என்பேன். நர்சரியில் 'சிங்கப்பூர் டெய்சி' என்று கொடுப்பார்கள். மஞ்சள் பூ, பளபளக்கும் இலை, தரையில் படர்ந்து பச்சைக் கம்பளம் போல அழகாக இருக்கும். சிங்கப்பூருக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்தது. கணுவுக்குக் கணு வேர் விடும். பிடுங்கி எறிந்த துண்டும் முளைக்கும். உலகின் மோசமான 100 ஊடுருவல் உயிரினங்கள் என்று ஒரு பட்டியல் உண்டு, அதில் இதற்கும் இடம் இருக்கிறது. மதிலுக்கு அந்தப் பக்கம் ஓடையோ வாய்க்காலோ இருந்தால், தயவுசெய்து வேண்டாம்.

டெய்சிதான் வேண்டும், பராமரிக்க நேரமில்லை என்பவர்கள் வீட்டுக்கு வெளியே வந்து பாருங்கள். நடைபாதை விரிசலில் மெலிந்த நீளக் காம்பின் நுனியில் மஞ்சள் பொட்டும் சுற்றி வெளிர் இதழுமாக ஒன்று நிற்கும். வெட்டுக்காயப் பூண்டு, மூக்குத்திப் பூ, தாத்தாப் பூ என்று ஊருக்கு ஒரு பெயர். சின்ன வயதில் கட்டைவிரலால் சுண்டி அதன் தலையைத் தெறிக்கவிட்டு விளையாடியிருப்பீர்கள். அதுவும் டெய்சிதான், அதுவும் மத்திய அமெரிக்காவிலிருந்து வந்ததுதான். யாரும் அதற்குத் தண்ணீர் விடுவதில்லை.

குன்னூர் வீட்டில் இப்போது அண்ணன் இருக்கிறார். போன மாதம் போனபோது ஈரத்துணியோடு ஒரு கொத்தை என் கையில் கொடுத்தார். வேண்டாம் அண்ணா, இங்கேயே இருக்கட்டும் என்றேன். படிக்கட்டு ஓரத்தில் குனிந்து அவரே அதைத் திரும்ப நட்டார். பழக்க தோஷத்தில் மண்ணை அணைக்கப் போனார், கையைப் பிடித்து நிறுத்தினேன்.

வணக்கம்.