ராட்டர்டாம் ஓமோர்டில் சின்ன ஃப்ளாட்: வீட்டுக்கு முன்னால் அசோசியேஷனைப் பாருங்கள்

வணக்கம் மக்களே. இன்றைக்கு ராட்டர்டாமின் வடகிழக்கில் இருக்கிற ஓமோர்டில் நிற்கிறேன். நெதர்லாந்தில் வீடு வாங்க வேண்டும் என்று சொல்கிற நம் ஆட்கள் பெரும்பாலும் ஆம்ஸ்டெல்வீன், ஐந்தோவன் என்று இரண்டு ஊரைத்தான் தேடுகிறார்கள். அங்கே விலையைப் பார்த்ததும் வாடகையே போதும் என்று விட்டுவிடுகிறார்கள். நடுத்தரச் சம்பளத்தில் வாங்க முடிகிற வீடுகள் இந்த நாட்டில் இன்னும் இருக்கின்றன, அதைக் காட்டத்தான் இந்த வீடியோ.

கேமராவைத் திருப்புகிறேன், பாருங்கள். பின்னால் தெரிகிற உயரமான கட்டடங்கள் எல்லாம் 1960, 70களில் வந்தவை. இந்தப் பகுதியைத் திட்டமிட்டவர் லோட்டே ஸ்டாம்-பேஸே என்ற பெண் கட்டடக் கலைஞர். வீடுகளை மேலே அடுக்கிவிட்டு, தரையைப் புல்வெளிக்கும் மரத்துக்கும் தண்ணீருக்கும் விட்டிருக்கிறார். அதனால் எட்டாவது மாடியில் எழுபது சதுர மீட்டர் வீடு என்றாலும் ஜன்னலைத் திறந்தால் மர உச்சிதான் தெரியும். வண்டிச் சத்தம் இல்லை, இப்போது நான் பேசுவதற்கு நடுவில் கேட்பது கால்வாயில் இருக்கிற நீர்க்கோழிதான். மெட்ரோவில் ஏறினால் இருபது நிமிடம் போல ஆகும் நகரத்தின் நடுவுக்கு. சைக்கிளை எடுத்தால் ரொட்டெ ஆற்றங்கரை. இந்த விலைக்கு இவ்வளவு பச்சை கிடைப்பது எனக்கு இன்னும் ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

சரி, பணக் கதைக்கு வருவோம். இங்கே நாங்கள் வாங்கிய ஃப்ளாட்டுக்கு, ஃபண்டா என்கிற வீடு விற்பனை இணையதளத்தில் 2,65,000 யூரோ என்று போட்டிருந்தார்கள், நாங்கள் 2,78,000 கேட்டு வாங்கினோம். போட்ட விலைக்கு மேலே கேட்பது இங்கே சாதாரணம், யார் எவ்வளவு கேட்டார்கள் என்று அந்த நேரத்தில் நமக்குத் தெரியாது. ஆனால் வங்கி நீங்கள் கேட்ட விலையைப் பார்ப்பதில்லை, மதிப்பீட்டாளர் எழுதித் தருகிற மதிப்பைத்தான் பார்க்கும். அதில் நூறு சதவீதம் வரைதான் கடன், வீட்டின் ஹீட்டிங் செலவைக் குறைக்கிற வேலை செய்தால் கொஞ்சம் கூடுதல். எங்களுக்கு மதிப்பு 2,70,000 என்று வந்தது, ஆக 8,000 யூரோ கையிலிருந்து போனது. விலைக்குப் பக்கத்தில் கே.கே. என்று எழுதியிருப்பார்களே, அதற்கு அர்த்தம் பத்திரச் செலவும் வரியும் வாங்குகிறவர் தலையில் என்பது. நோட்டரி, மதிப்பீடு, கடன் ஆலோசகர் எல்லாமே சேமிப்பிலிருந்துதான், கடனில் சேராது.

வரியில் ஒரு நல்ல விஷயம் இருக்கிறது. குடியிருக்க வாங்கினால் பத்திர வரி இரண்டு சதவீதம். 35 வயது ஆகாதவர்களுக்கு ஒரே ஒரு தடவை அதுவும் கிடையாது, 2025-ல் இதற்கான வரம்பு 5,25,000 யூரோ வரையிலான வீடுகள் என்று இருந்தது. கணவன் மனைவி இருவர் பெயரில் வாங்கினால் வயதைத் தனித்தனியாகப் பார்ப்பார்கள். என் மனைவிக்கு 35 ஆகவில்லை, எனக்கு ஆகிவிட்டது, அதனால் என் பாதிக்கு மட்டும் 2,780 யூரோ கட்டினோம். 34 வயதில் யோசித்துக்கொண்டே இருக்கிறவர்கள் பிறந்தநாள் தேதியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த விலை வீடுகளுக்கு என்.எச்.ஜி என்கிற தேசிய வீட்டுக் கடன் உத்தரவாதமும் கிடைக்கும், 2025-ல் அதன் வரம்பு 4,50,000 யூரோவாக இருந்தது. அது இருந்தால் வட்டி சற்றுக் குறையும், வேலை போனாலோ பிரிவு வந்தாலோ வீட்டை நஷ்டத்துக்கு விற்க நேர்ந்தால் ஒரு பிடிமானமும் இருக்கும்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. பழைய ஃப்ளாட் வாங்கும்போது சமையலறையும் குளியலறையும் பார்த்து மயங்காதீர்கள், முதலில் அசோசியேஷன் காகிதங்களைக் கேளுங்கள். இங்கே அதை வி.வி.இ என்பார்கள். கூரை, லிஃப்ட், வெளிச்சுவர், இதோ நான் நடக்கிற இந்தத் திறந்த நடைபாதை, எல்லாம் அதன் பொறுப்பு, அதாவது எல்லா வீட்டுக்காரர்களின் பொறுப்பு. இந்தக் கைப்பிடிக்குக் கீழே காங்கிரீட் ஓரத்தைப் பாருங்கள், புதிதாகப் பூசிய அடையாளம் தெரிகிறதா? உள்ளே கம்பி துருப்பிடித்து காங்கிரீட் வெடிப்பது இந்த வயதுக் கட்டடங்களில் வருகிற நோய், இங்கே சேமிப்பில் பணம் இருந்ததால் சரிசெய்துவிட்டார்கள். பணம் இல்லாத அசோசியேஷன் என்றால் வீட்டுக்கு இவ்வளவு என்று தலைக்குத் தலை வசூலிப்பார்கள், நீங்கள் போன மாதம்தான் வாங்கினீர்கள் என்பதெல்லாம் செல்லாது.

2018-லிருந்து சட்டம் என்ன சொல்கிறது என்றால், நீண்ட காலப் பராமரிப்புத் திட்டம் போட்டு அதன்படி ஒதுக்க வேண்டும், இல்லையென்றால் கட்டடத்தைத் திரும்பக் கட்ட ஆகும் செலவில் குறைந்தது அரை சதவீதத்தை வருடா வருடம் ஒதுக்க வேண்டும். அந்தத் திட்டம், சேமிப்புக் கணக்கு, கடைசி சில கூட்டங்களின் குறிப்புகள், இவற்றை விற்பவரின் ஏஜெண்டிடம் கேட்டால் தருவார்கள். தர இழுத்தடித்தால் அதுவே பதில். மொழிபெயர்ப்பு ஆப்பில் போட்டாவது கூட்டக் குறிப்புகளை முழுக்கப் படியுங்கள், லிஃப்ட் சண்டையிலிருந்து ஒழுகும் கூரை வரை எல்லாம் அதில்தான் இருக்கும். மாதச் சந்தா குறைவு என்று சந்தோஷப்படவும் வேண்டாம். சில கட்டடங்களில் சந்தா அதிகமாகத் தெரியும், பார்த்தால் ஹீட்டிங் முன்பணமும் அதிலேயே அடக்கம்.

அப்புறம் 1994-க்கு முந்தைய கட்டடம் என்றால் ஒப்பந்தத்தில், தூசி நுரையீரலைக் கெடுக்கிற ஆஸ்பெஸ்டாஸ் பற்றி ஒரு பிரிவு இருக்கும், பதறாதீர்கள், ஆனால் சுவரில் துளை போடுவதற்கு முன் எங்கே இருக்கலாம் என்று கேட்டுவையுங்கள். வீடு எவ்வளவு சிக்கனமாக எரிசக்தி செலவழிக்கிறது என்று காட்டுகிற எனர்ஜி லேபிளும் முக்கியம், நல்ல லேபிளுக்குக் கடன் வரம்பில் கிடைக்கிற கூடுதல் தொகை இ, எஃப், ஜி என்றால் கிடைக்காது. கையெழுத்துப் போட்ட வீட்டு ஒப்பந்தத்தின் பிரதி கைக்கு வந்த பிறகு மூன்று நாள் அவகாசம் உண்டு, காரணம் சொல்லாமல் விலகலாம். அது போனதும், கடன் கிடைத்தால்தான் வாங்குவேன் என்ற நிபந்தனை ஒப்பந்தத்தில் இல்லையென்றால், விலகுவதற்குப் பத்து சதவீதம் அபராதம் என்பதுதான் வழக்கம். அந்த நிபந்தனையை விட்டுக்கொடுத்தால் வீடு உங்களுக்குத்தான் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள், ஒரே சேமிப்பை வைத்திருக்கிற குடும்பத்துக்கு அது தாங்காது.

டச்சு புரியாது என்றால் நோட்டரி அலுவலகத்தில் பத்திரம் வாசிக்கும்போது மொழிபெயர்ப்பாளரை வைக்கச் சொல்வார்கள், அந்தச் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். அடுத்த வீடியோவில் எங்கள் அசோசியேஷனின் பராமரிப்புத் திட்டத்தை வரி வரியாகப் பிரித்துக் காட்டுகிறேன், லிஃப்ட் மாற்றுகிற வருடம் வரை அதில் இருக்கிறது.