முதலில் தண்ணீர், பிறகு நடைபாதை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம். கைவிடப்பட்ட தொழிற்கால்வாயை நகரின் நீர்க்கரையாக மீட்பதில் முதலிடம் கரையின் எழிலுக்கா, நீரின் தூய்மைக்கா என்ற இன்றைய வழக்கில், தூய்மைக்கே என்று வாதிட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் கனடாவின் மொன்றியல் நகரிலுள்ள லாஷீன் கால்வாயைக் காட்டினார். 1825-இல் திறக்கப்பட்டு, 1970-இல் கப்பல் போக்குவரத்து நின்றுபோன அந்தக் கால்வாய், 2002-இல் உல்லாசப் படகுகளுக்குத் திறக்கப்பட்டதை நானும் மகிழ்ச்சியோடு ஏற்கிறேன். கரையில் மக்கள் கூடிவிட்டால் தூய்மைக்கான பணம் தானே வந்து சேரும் என்று அதிலிருந்து அவர் பெற்ற முடிவைத்தான் ஏற்க இயலவில்லை.

தொழிற்கால்வாயின் நோய் அதன் அடியில் இருக்கிறது. ஆற்றைப் போன்ற ஓட்டம் இல்லாததால், ஆலைகள் விட்ட தாரும் உலோகங்களும் அடித்துச் செல்லப்படாமல் வண்டலோடு படிந்துவிடுகின்றன. நியூயார்க்கின் கொவானஸ் கால்வாயில், நிலக்கரியிலிருந்து எரிவாயு எடுத்த ஆலைகள் மறைந்த பிறகும் அவற்றின் தார் மறையவில்லை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2010-இல் அதைக் கடும் மாசுக்குள்ளான இடங்களின் தேசியப் பட்டியலில் சேர்த்தது. தூர்வாரும் பணி தொடங்கியதோ 2020-இல்தான். வண்டலை அள்ளினால் பழைய கரைச்சுவர் பிடிமானம் இழந்து சரியக்கூடும் என்பதால், முதலில் கரையை வலுப்படுத்தி, பிறகு அள்ளி, அடியில் எஞ்சும் நஞ்சு மேலே கசியாதபடி பல அடுக்குகளால் மூட வேண்டியிருக்கிறது. விளக்குத் தூண்களும் மரங்களும் நட்டுவிட்ட கரையில் இதை எவ்வாறு செய்வது? மக்கள் பணத்தில் கட்டியதை மக்கள் பணத்திலேயே இடிக்க வேண்டும்.

தூர்வாரினாலும் போதாது. மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில் ஓடும் நகரங்களில், கனமழை பெய்தால் குழாய் நிரம்பி, கழிவு கால்வாயில்தான் கொட்டும். கொவானஸுக்கு ஏறத்தாழ 3 கோடி லிட்டரும் 1.5 கோடி லிட்டரும் கொள்ளும் இரண்டு தொட்டிகள் திட்டமிடப்பட்டது இதனால்தான்.

இவ்வளவு காலம் யார் காத்திருப்பார்கள் என்று எதிரணி கேட்கும், நியாயமான கேள்வி. ஜெர்மனியின் ரூர் பகுதியில், திறந்த சாக்கடையாக்கப்பட்டிருந்த எம்ஷெர் ஆற்றை மீட்கும் பணி 1992-இல் தொடங்கியது. கழிவுநீருக்கென்று நிலத்தடியில் 51 கிலோமீட்டர் கால்வாய் அமைத்து, 2021 இறுதியில்தான் ஆற்றைக் கழிவிலிருந்து முற்றிலும் விடுவித்தார்கள். ஆனால் அதுவரை ஒருவரும் வெறுங்கையோடு காத்திருக்கவில்லை. கழிவு வருவது நின்ற துணையாறுகள் ஒவ்வொன்றாகத் தம் இயல்புக்குத் திருப்பப்பட்டன. நாங்கள் கேட்பதும் அந்த வரிசையைத்தான்: தூய்மையான பகுதிக்கு உடனே நடைபாதை, தூய்மையாகாத பகுதிக்கு முதலில் தூர்வாரல். நடுவர் அவர்கள் அவ்வாறே தீர்ப்பளிக்க வேண்டுகிறேன்.