விமானியைத் தேடி ஓடிவந்த சிங்கம்

அவையோருக்கு வணக்கம்.

போர் விமானி ஒருவரையும் அவர் கொஞ்சிய பூனையையும் பற்றிப் பேசுவதாகச் சொல்லியிருந்தேன். உண்மையில் அது சிங்கம். ஆயினும் அதன் நடத்தையைக் கேட்டால், பூனை என்று நான் சொன்னதைப் பொறுத்துக்கொள்வீர்கள்.

முதல் உலகப் போரில் அமெரிக்கா கலந்துகொள்வதற்கு ஓராண்டு முன்னரே, பிரான்சுக்காகப் பறக்க முன்வந்த அமெரிக்க இளைஞர்களைக் கொண்டு 1916 ஏப்ரலில் ஒரு விமானப் பிரிவு அமைக்கப்பட்டது. முதலில் அமெரிக்கப் பிரிவு என்றே அது அழைக்கப்பட்டது. நடுநிலை நாட்டின் பெயரைப் போர்க்களத்தில் பயன்படுத்துவதா என்று ஜெர்மனி ஆட்சேபித்த பிறகு, அமெரிக்க விடுதலைப் போரில் துணைநின்ற பிரெஞ்சுத் தளபதி லஃபாயெத்தின் பெயரைப் பெற்றது. அந்த ஆண்டு செப்டம்பரில் பாரிசுக்கு விடுமுறையில் வந்த விமானிகள் சிலர், பணத்தைக் கூட்டிப் போட்டு ஒரு சிங்கக் குருளையை வாங்கி, விஸ்கி என்று பெயரிட்டார்கள். ரயிலில் அதை ஆப்பிரிக்க நாய் என்று சொல்லிச் சமாளிக்கப் பார்த்ததாகவும், குட்டி உறுமிக் காட்டியதும் குட்டு உடைந்துபோனதாகவும் அவர்கள் பின்னாளில் சொல்லிச் சிரிப்பதுண்டு. பிறகு அதற்குத் துணையாக ஒரு பெண்குட்டியும் வந்தது. அதன் பெயர் சோடா. பெயர் வைப்பதில் அவர்கள் அதிகம் சிரமப்படவில்லை என்பது தெரிகிறது.

எத்தனையோ பேர் செல்லம் கொடுத்தும், விஸ்கி தன்னை ஒப்படைத்துக்கொண்டது அந்தப் பிரிவின் விமானி ராவுல் லஃப்பெரியிடம்தான். அவர் யார் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1885இல் பிரான்சின் ஒவெர்ன் பகுதியில் அமெரிக்கத் தந்தைக்கும் பிரெஞ்சுத் தாய்க்கும் பிறந்தவர். தாய் அவருடைய குழந்தைப் பருவத்திலேயே இறந்துவிட, தந்தை அமெரிக்கா சென்றுவிட, பாட்டியின் அரவணைப்பில் வளர்ந்தார். வாலிபத்தில் வீட்டைவிட்டுக் கிளம்பி நாடு நாடாக அலைந்து, தந்தையைக் காண்பதற்காக அமெரிக்கா போய்ச் சேர்ந்தபோது, அந்தத் தந்தை ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறியிருந்தார். பின்னர் அமெரிக்கப் படைவீரராகப் பிலிப்பைன்சில் இருந்தார். ஆசிய நாடுகளைச் சுற்றினார். மார்க் பூர்ப் என்ற பிரெஞ்சு விமானியின் மெக்கானிக் ஆனார். அந்த நண்பரும் 1914 டிசம்பரில் விமான விபத்தில் மாண்டார். வாசலில் நின்று தமக்காகக் காத்திருக்க ஆளில்லாமலே வாழ்ந்து பழகிய ஒருவருக்கு, அழைத்த குரலுக்கு நாய்போல் ஓடிவரும் ஒரு சிங்கம் என்னவாக இருந்திருக்கும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

அவர் அதிகம் பேசாதவர். மெக்கானிக்கின் பொறுமை அவரை விட்டுப் போகவே இல்லை. வானில் துப்பாக்கி சிக்கிக்கொண்டால் உயிர் போய்விடும் என்பதால், ஒவ்வொரு தோட்டாவையும் தம் கையாலேயே சோதித்துப் பொருத்துவார். எதிரி விமானங்களை வீழ்த்திய குறைந்தது 16 வெற்றிகள் அவர் பெயரில் பதிவானதற்கு அந்தக் கைகளும் ஒரு காரணம். அதே கைகள் விஸ்கியோடு மல்லுக்கட்டின. மறைந்திருந்து விருந்தினர் மீது பாயவும் அதற்குப் பழக்கிவிட்டார். பாய்ச்சலில் கீழே விழுந்தவருக்கு அது விளையாட்டாகப் பட்டிருக்காது.

வேட்டை விலங்கை முகாமில் வளர்த்தது சரியென்று நான் வாதாடப் போவதில்லை. வளர்ந்துவிட்ட சிங்கங்களில் ஒன்று உயரதிகாரியின் தொப்பியைக் கடித்துப் பாழாக்கியது. 1917இல் இரண்டும் பாரிஸ் விலங்குக் காட்சிச்சாலைக்கு அனுப்பப்பட்டன. அந்த அதிகாரியின் மீது எனக்குக் கோபமில்லை.

விஸ்கியைப் பிரிந்தபின் லஃப்பெரி நெடுநாள் வாழவில்லை. அமெரிக்கப் படையின் 94ஆம் பிரிவில் இளம் விமானிகளுக்கு ஆசானாக இருந்த அவர், 1918 மே 19 அன்று ஒரு ஜெர்மானிய விமானம் தலைக்குமேல் தென்பட்டதும், தமது விமானம் பழுதாகிக் கிடந்ததால் வேறொன்றில் ஏறிப் பறந்தார். நான்சி நகருக்கு அருகில் மரோன் என்ற கிராமத்தின் மேலே விமானத்திலிருந்து விழுந்து இறந்தார். தீயிலிருந்து தப்பக் குதித்தாரா, தூக்கி எறியப்பட்டாரா என்பதில் இன்றும் ஒருமித்த கருத்தில்லை. தகவலறிந்து காரில் விரைந்த தோழர்கள் வந்து சேர்வதற்குள், அவரை முன்பின் அறியாத அந்தக் கிராமத்தார் உடலை எடுத்துக் கிடத்தி, தங்கள் தோட்டத்துப் பூக்களால் மூடியிருந்தார்கள்.