ஐந்து காசுக்கு ஒரு காசா?

வானொலி நேயர்களுக்கு வணக்கம். முதலில் ஒரு சின்ன வேலை. பக்கத்தில் பர்ஸ் இருந்தால் அதில் கிடக்கும் சில்லறையை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொள்ளுங்கள். வண்டி ஓட்டிக்கொண்டே கேட்பவர்களுக்கு இந்த வேலை வேண்டாம்.

ஒரு ரூபாய், இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய் மூன்றும் இருக்கிறதா? சரி, இதில் எது பெரிசு? 2011-இல் வந்த வரிசைக் காசுகள் உங்கள் கையில் இருந்தால், இரண்டு ரூபாய் 25 மில்லிமீட்டர் அகலம். ஐந்து ரூபாய் 23 மில்லிமீட்டர்தான். தொண்ணூறுகளில் வந்த எஃகு ஒரு ரூபாய் தப்பித் தவறி இருந்தால், அதுவும் இரண்டு ரூபாய்க்குச் சமமாக 25. ஐந்து வயதுக் குழந்தையிடம் "பெரிய காசு எது?" என்று கேட்டால் இரண்டு ரூபாயைத்தான் தொடும். "அதுகூடத் தெரியலையா" என்று நாம் தலையில் குட்டுகிறோம். குழந்தை கண்ணில் பட்டதைச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

நான் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு காலம் கழித்தவள். அவர்களுக்குக் காசு சொல்லிக்கொடுப்பதைப் போல எனக்குப் பிடித்த பாடம் வேறில்லை. அதுவரை பிள்ளை எண்ணியதெல்லாம் பொருள். புளியங்கொட்டை ஐந்து என்றால் கண்ணுக்கு முன்னால் ஐந்து கொட்டை கிடக்கும். காசுக்கு வரும்போதுதான், ஒற்றைப் பொருளைக் காட்டி "இது ஐந்து" என்று நம்பச் சொல்கிறோம். ஆறு வயதில் இது எவ்வளவு பெரிய தாவல்!

என் வகுப்பில் ஒரு சிறுமி இருந்தாள். நூறு வரை தடுக்காமல் சொல்வாள். ஒருநாள் அவளிடம் இருந்த ஐந்து ஒரு ரூபாய்க் காசுகளை வாங்கிக்கொண்டு, ஓர் ஐந்து ரூபாயைக் கொடுத்தேன். உள்ளங்கையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், உதடு பிதுங்கியது. "நான் அஞ்சு குடுத்தேன். நீங்க ஒண்ணுதான் குடுத்தீங்க டீச்சர்." அப்புறம் ஒரே அழுகை. காசில் 5 என்று போட்டிருப்பதைக் காட்டினேன். அவளுக்கு எழுத்து தெரியும், வாசித்தும் காட்டினாள். ஆனாலும் அழுகை நிற்கவில்லை. அவள் கணக்கில் ஐந்து போய் ஒன்று வந்திருக்கிறது. வாயால் சொல்லி இதை மாற்ற முடியாது.

பள்ளிக்கூட வாசலுக்கு எதிரே அண்ணாச்சி கடை. தேன் மிட்டாய் ஒன்று ஒரு ரூபாய். அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். முதலில் ஐந்து ஒரு ரூபாய்க் காசுகளை அவளையே கொடுக்கச் சொன்னேன். ஒரு காசை வைத்தாள், அண்ணாச்சி ஒரு மிட்டாயை வைத்தார். இன்னொரு காசு, இன்னொரு மிட்டாய். அப்படியே ஐந்து. பிறகு மிட்டாயைத் திருப்பிக் கொடுத்துக் காசை வாங்கிக்கொண்டு, இந்தத் தடவை அந்த ஒற்றை ஐந்து ரூபாயைக் கண்ணாடிப் பாட்டில் மூடிமேல் வைக்கச் சொன்னேன். அண்ணாச்சி புரிந்துகொண்டார். அவசரப்படாமல் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். இரண்டாவது மிட்டாய் வந்ததும் அவள் நிமிர்ந்து பார்த்தாள். மூன்றாவதுக்குக் கண் விரிந்தது. ஐந்தாவது வந்தபோது, "இன்னும் வருமா அண்ணாச்சி?" என்று கேட்டாள். "அவ்வளவுதான் பாப்பா, அஞ்சு ரூபாய்க்கு அஞ்சு." காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள். மறுநாள் மற்ற பிள்ளைகளுக்கு அவளே வாத்தியார்.

அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: உண்மைக் காசு வேண்டும். புத்தகத்தில் அச்சிட்ட படத்தில் கனம் இல்லை, விளிம்பு இல்லை. பிளாஸ்டிக் காசைக் கடைக்காரர் வாங்கிக்கொள்ள மாட்டார், அது பிள்ளைக்கும் தெரியும். ஒரு ரூபாயில் பத்து, இரண்டு ரூபாயில் ஐந்து, ஐந்து ரூபாயில் நான்கு. மொத்தம் நாற்பது ரூபாய்தான் முதலீடு. சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்து ஒரு டப்பாவில் போட்டு வைத்தால் வருடம் முழுக்க வரும். வீட்டில் தவழும் குழந்தை இருந்தால் மட்டும் டப்பா உயரத்தில் இருக்கட்டும். தவறிப்போய் விழுங்கிவிட்டால் வாழைப்பழம் கொடுத்துக் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

முதல் சில நாட்கள் ஒரு ரூபாய் மட்டும் போதும். எண்ணட்டும், அடுக்கட்டும். பிறகு மாற்று விளையாட்டு: இரண்டு ஒரு ரூபாய் கொடுத்தால் ஓர் இரண்டு ரூபாய், ஐந்து ஒரு ரூபாய் கொடுத்தால் ஓர் ஐந்து ரூபாய். அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் மாற்றிக்கொண்டே இருக்கட்டும்.

இனம் காண்பதற்குத் துணிப்பை விளையாட்டு நல்லது. பைக்குள் கையை விட்டு, பார்க்காமலே எந்தக் காசு என்று சொல்ல வேண்டும். 2019-இல் வெளிவந்த புதிய வரிசை, பார்வையற்றவர்களை மனதில் வைத்து வடிவமைத்தது. அதில் ஒரு ரூபாய் 20 மில்லிமீட்டர், இரண்டு ரூபாய் 23, ஐந்து ரூபாய் 25, பத்து ரூபாய் 27. மதிப்பு ஏற ஏற அளவும் ஏறும், கனமும் ஏறும். இருபது ரூபாய்க்குப் பன்னிரண்டு பக்கம், விரல் பட்டாலே தெரியும். என்னைக் கேட்டால், இந்த வரிசை சின்னப் பிள்ளைகளுக்கும் கிடைத்த வரம். பழைய வரிசைகளும் புழக்கத்தில் இருப்பதுதான் சிக்கல். அதற்காகப் பழையதை ஒதுக்க வேண்டாம். 2007-இல் வந்த வரிசையில் ஒரு ரூபாயில் கட்டைவிரலும், இரண்டு ரூபாயில் இரண்டு விரலும் இருக்கும். எண் தெரியாத பிள்ளைகூட விரலைப் பார்த்துச் சொல்லிவிடும்.

பத்து ரூபாய்க் காசைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியவில்லை. நம் ஊரில் எத்தனையோ கடைகளில் "இது செல்லாது" என்று திருப்பிக் கொடுக்கிறார்கள். அதுவரை வந்த பத்து ரூபாய்க் காசின் பதினான்கு வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018-இலேயே சொல்லிவிட்டது. "இதுதான் பத்து" என்று நாம் சொல்லிக்கொடுத்ததை நம்பிக் கடைக்குப் போன பிள்ளை, வெறுங்கையோடு திரும்பி வந்தால் அதற்குப் பிறகு எதை நம்பும்? கடை வைத்திருப்பவர்கள் தயவுசெய்து வாங்கிக்கொள்ளுங்கள். அதிலும் சின்னப் பிள்ளைகள் நீட்டும்போது மறுக்காதீர்கள்.

இப்போது பாதி வீடுகளில் காசே கண்ணில் படுவதில்லை. அம்மா செல்போனைக் காட்டுகிறாள், கடையில் இருக்கும் பெட்டி "பணம் பெறப்பட்டது" என்கிறது, மிட்டாய் வருகிறது. எவ்வளவு போனது, மீதி எவ்வளவு என்று எதுவும் பிள்ளைக்குத் தெரிவதில்லை. வாரத்தில் ஒருநாளாவது பாலையோ கறிவேப்பிலையையோ காசு கொடுத்து வாங்குங்கள். பிள்ளையின் கையால் கொடுக்கச் சொல்லுங்கள்.

கலந்த சில்லறையை எண்ணுவதில் ஒரு தடுமாற்றம் எல்லாப் பிள்ளைகளுக்கும் வரும். ஐந்து, பத்து, பதினைந்து என்று தாவி வந்தவர்கள், அடுத்த காசு ஒரு ரூபாயாக இருந்தாலும் அந்த வேகத்தில் "இருபது" என்பார்கள். பெரிய மதிப்புக் காசுகளை முதலில் வரிசையாக வைக்கச் சொல்லுங்கள். காசு மாறும் இடத்தில் ஒரு கைதட்டு. தட்டியதும் நடை மாற வேண்டும்: "பதினைந்து," தட்டு, "பதினாறு, பதினேழு." கைதட்டு இல்லாமலே நின்று மாற்றப் பழகிவிட்டால் கணக்கு பிடிபட்டுவிட்டது.

மீதிச் சில்லறை பற்றி விரிவாகச் சொல்ல நினைத்தேன், நேரம் நெருங்கிவிட்டது. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஏழு ரூபாய்ப் பொருளுக்குப் பத்து ரூபாய் கொடுத்தால், கழித்தல் கணக்கு போடச் சொல்லாதீர்கள். கடைக்காரர் செய்வதுபோல ஏழிலிருந்து மேலே எண்ணிக் காசை வைக்கட்டும்: எட்டு, ஒன்பது, பத்து. வைத்த காசுதான் மீதி. ஐம்பது பைசாவையும் உண்டியலையும் பற்றி இன்னொரு நாள் பேசுவோம். வணக்கம்.